மாமா கையில் கொடுத்த போன்

இன்றைய தங்க விலையைப் பார்க்கத்தான் மாமா என் போனைக் கேட்டார். அவருடைய போனில் டேட்டா முடிந்து இரண்டு நாளாகிவிட்டது. வெளியே நல்ல மழை, ரீலோட் போட ரோட்டுக் கடைவரை இறங்கிப் போக யாருக்கும் மனசில்லை. நானும் யோசிக்காமல் லொக்கை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மாமா தேடும் பெட்டியை விரலால் தொட்டிருக்கிறார், அவ்வளவுதான், ஒரு எழுத்துக்கூட அடிக்கவில்லை. கீழே வரிசையாக வந்து நின்றிருக்கிறது: 'ஈபிஎஃப் காசு கைக்கு வர எத்தனை நாள்', 'பி கார்ட்டில் பேர் பிழை என்றால் என்ன செய்வது', 'ஈபிஎஃப் காசை யார் பேரில் பேங்கில் போடலாம்'. நான் பிளேன்டீயோடு திரும்பி வந்தபோது மாமா தங்க விலையை மறந்திருந்தார். "என்னக்கா, எழுதிக் குடுத்துட்டியா, சொல்லவே இல்லியே" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து பறித்துக் காலம் தள்ளிய ஒரு பெண்ணுக்கு வாழ்க்கையில் ஒரே ஒருமுறை மொத்தமாகக் கைக்கு வரும் காசு இந்த ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி. பி கார்ட் என்பது அதற்கான உறுப்பினர் விவர அட்டை. பெண்கள் 50 வயதில் எடுக்கலாம், ஆண்களுக்கு 55. இன்னாருக்கு ஈபிஎஃப் வரப்போகிறது என்ற செய்தி கல்யாணச் செய்தியைவிட வேகமாக லயம் என்கிற வரிசை வீடுகள் முழுக்க ஓடும், அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் பிளேன்டீ குடித்து முடித்தவுடன் தொண்டையைக் கனைப்பார்கள். அதனால்தான் அம்மா யாரிடமும் கேட்கவில்லை, இரவில் நான் தூங்கினபிறகு என் போனை எடுத்து அதனிடம் கேட்டிருக்கிறார். டைப் பண்ணத் தெரியாது, மைக்கை அழுத்தி வாய்க்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகப் பேசுவார், கூகுளும் தமிழைப் பிடித்துக்கொள்ளும். 'யார் பேரில் போடலாம்' என்ற கேள்வியை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏன் அப்படிக் கேட்டார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

இந்தச் சம்பவத்துக்கப்புறம் இரண்டு மூன்று இரவு உட்கார்ந்து தேடல் தொடர்பான பிரைவசி செட்டிங்ஸ் எல்லாவற்றையும் நோண்டினேன். இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தனி அறையும் தனி போனும் உள்ளவர்களுக்காக எழுதுகிறார்கள், பெரிய கம்பனி உன்னைப் பார்க்கிறது, அரசாங்கம் உன்னைப் பார்க்கிறது என்று. பார்க்கட்டும், அதுவும் பிரச்சினைதான், பின்னால் வருகிறேன். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஐந்து பேரும் ஒரு நல்ல போனும் இருக்கிற வீட்டில் முதலில் பார்க்கிறவர் மாமா. இரண்டாவது பார்க்கிறது தம்பி. அதனால் நான் மாமாவிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்னப் படம் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? கடிகாரம் இருந்தால் அது இந்தக் கணக்கிலோ இந்த போனிலோ ஏற்கெனவே தேடினது. பூதக்கண்ணாடி இருந்தால் ஊரில் மற்றவர்கள் தேடுவதை வைத்து கூகுள் சொல்கிற யோசனை. மாமா பார்த்ததெல்லாம் கடிகாரம். ஒரே ஒரு வரியை மட்டும் அவசரமாக ஒழிக்க வேண்டுமென்றால் அதன்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், அகற்றவா என்று கேட்கும். இது ஆபத்துக்கு உதவும், ஆனால் வீட்டைக் கூட்டாமல் விருந்தாளி கண்ணில் படும் இடத்தை மட்டும் கூட்டுவது மாதிரி.

நானும் எல்லாரையும் போல முதலில் குரோமில் ஹிஸ்டரியை அழித்தேன். எல்லா நேரமும் என்று தெரிவு செய்து, எல்லாவற்றுக்கும் டிக் போட்டு, அழித்துவிட்டு, நிம்மதியாக கூகுளைத் திறந்து பெட்டியைத் தொட்டால் கடிகாரங்கள் அப்படியே நிற்கின்றன! பிரவுசர் ஹிஸ்டரி வேறு, கூகுள் கணக்கில் சேர்கிற தேடல் பதிவு வேறு. முதலாவது போனில் இருக்கிறது, இரண்டாவது அவர்களுடைய சர்வரில் என் பெயருக்குக் கீழே இருக்கிறது, ஒன்றை அழித்தால் மற்றது அசையாது. இரண்டாவதைப் பார்க்க உங்கள் கூகுள் கணக்கில் 'எனது செயல்பாடு' என்ற பக்கத்துக்குப் போக வேண்டும்.

அந்தப் பக்கத்தைத் திறந்து கீழே கீழே போனேன். என் கணக்கு 2016இல் ஓஎல் பரீட்சை எழுதும்போது திறந்தது. அடியில் 'ஓஎல் பாஸ்ட் பேப்பர் தமிழ் மீடியம்' இருந்தது. அதற்கு மேலே ஒரு பையனின் பெயரை ஐந்து விதமான ஸ்பெல்லிங்கில் தேடியிருக்கிறேன், அந்தப் பையன் யாரென்று இப்போது சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு பிரஷர் கூடின வாரம், ஏஎல் ரிசல்ட்ஸ் வந்த காலையில் ஒரே நிமிடத்தில் பதினொரு தடவை ஒரே தேடல், கட்டாரில் வீட்டு வேலைக்குப் போன சின்னம்மாவிடமிருந்து இரண்டு மாதம் கோல் வராதபோது தூதரகத்தின் நம்பர் தேடினது, எல்லாம் நாள், மணி, நிமிடத்தோடு. நான் டயரி எழுதியதில்லை. யாரோ எனக்காக எழுதி வைத்திருக்கிறார்கள்.

2020 ஜூனுக்கப்புறம் புதிதாகத் திறக்கிற கணக்குகளில் பதினெட்டு மாதத்துக்கு மேற்பட்ட பதிவுகளைத் தானாக அழிக்கும்படி கூகுளே வைத்துவிட்டது. பழைய கணக்குக்காரர்கள் நாமாகப் போய்த்தான் அதைப் போட வேண்டும், மூன்று மாதம், பதினெட்டு மாதம், முப்பத்தாறு மாதம் என்று மூன்று தெரிவு இருக்கிறது. நான் மூன்று மாதத்தைப் போட்டுவிட்டுப் படுத்தேன். படுத்தபிறகுதான் உறைத்தது, மாமா பார்த்தது முந்தின நாள் இரவு தேடினதை, மூன்று மாதக் கணக்கு அங்கே எதற்கு உதவும்? மறுபடியும் எழுந்து, தேடினதைக் கணக்கில் சேர்த்து வைக்கிற 'இணையம் & ஆப்ஸ் செயல்பாடு' என்பதை முழுசாக நிறுத்தினேன். நிறுத்தும்போது இரண்டு வழி காட்டும்: நிறுத்துவது மட்டும், அல்லது நிறுத்தி அழிப்பது. முதலாவதைத் தெரிவு செய்தால் பழையது அங்கேயே கிடக்கும், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். யூடியூப் ஹிஸ்டரி தனி, அதற்குத் தனியாகப் போக வேண்டும். குரல் பதிவைச் சேமிக்கிற டிக் ஒன்றும் அதே பக்கத்தில் இருக்கும், அம்மா மாதிரிப் பேசித் தேடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் அது போடப்பட்டிருக்கிறதா என்று ஒருதடவை பாருங்கள்.

பதிவை வைத்திருக்கவே விரும்புகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அதே பக்கத்தில், செயல்பாட்டைப் பார்க்கவே மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று ஒரு பூட்டுப் போடலாம். போனைத் திறந்து கொடுத்தாலும் முழுப் பதிவையும் மற்றவர் பார்க்க முடியாது. ஒரே போன் உள்ள வீடுகளுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட உதவியான பூட்டு கூகுளில் இல்லை, ஆனால் இதைப் போட்டிருக்கிற ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

இனி கடைக் கதை. நான் வேலை செய்வது ஹட்டன் பக்கத்தில் ஒரு கொமினிகேஷனில், கடையின் பெயர் வேண்டாம். போட்டோ கொப்பி, ஸ்கேன், வேலை அப்ளிகேஷன், ஐடி கார்ட்டில் ஒரு பேரும் பி கார்ட்டில் இன்னொரு பேருமாக இருக்கிறவர்களுக்குக் கடிதம் அடித்துக் கொடுப்பது, இதெல்லாம் என் வேலை. வாடிக்கையாளர் உட்காருகிற கம்ப்யூட்டர் ஒன்று ஓரத்தில் இருக்கிறது. ஒரு தம்பி வந்து ஏதோ கோர்ஸுக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்க அதில் ஜிமெயிலைத் திறந்தார், நீல பட்டன் ஒன்று வந்தது, அழுத்தினார், விண்ணப்பத்தை முடித்தார், காசு கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார், முகம் சரியில்லை.

"அக்கா, நான் தேடாததெல்லாம் என் போன்ல வருது. அம்மா பாத்துட்டு அழுறாங்க."

போனைக் காட்டினார். 'ருமேனியா வேலை ஏஜென்சி', 'விசா மெடிக்கலில் என்னென்ன பார்ப்பார்கள்', 'அடகு நகை ஏலத்துக்குப் போக எத்தனை மாதம்', 'கனவில் பாம்பு வந்தால்'. மகன் சொல்லாமல் நாட்டை விட்டுப் போகப் பார்க்கிறான், வீட்டு நகையை அடகு வைத்துவிட்டான் என்று அந்த அம்மா முடிவு பண்ணியிருக்கிறார், பாம்புக் கனவும் அதற்கு ஒத்துப்போயிருக்கிறது. அந்த மூன்று வாரமும் எங்கள் கடைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் தேடினதெல்லாம் அந்தத் தம்பியின் கணக்கில் சேர்ந்திருக்கிறது. நடுவில் மூலநோய்க்குப் பத்தியம் என்ன என்று ஒரு தேடல் இருந்தது. அது காலை ஆறே முக்கால். அந்த நேரத்தில் கடையைத் திறக்கிறவர் முதலாளி ஒருவர்தான். நான் அந்த வரியைப் பார்க்காத மாதிரி விரலால் மேலே தள்ளிவிட்டேன்.

தப்பு யாருடையது என்று கேட்டால் எங்களுடையதுதான், அந்தத் தம்பி சைன் அவுட் பண்ணாமல் போனாலும் மூன்று வாரமாக மேல் மூலையில் அவருடைய படம் வட்டமாகச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் ஒருநாளும் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டரில் இருக்கிற குரோம் 2018இலிருந்து ஒரு வேலை செய்கிறது: நீங்கள் ஜிமெயிலுக்குள் போனால் பிரவுசருக்குள்ளும் போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் அந்த நீல சிங்க் பட்டனையும் அழுத்திவிட்டால் பார்த்த பக்கங்கள், பாஸ்வேர்ட் எல்லாம் இரண்டு பக்கமும் ஓடும். செட்டிங்ஸில் 'குரோம் உள்நுழைவை அனுமதி' என்று ஒன்று இருக்கிறது, கடைக் கம்ப்யூட்டராக இருந்தால் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

இப்போது நாங்கள் வாடிக்கையாளருக்கு விருந்தினர் ஜன்னல் மட்டும்தான் திறந்து கொடுக்கிறோம், மூலையில் இருக்கிற படத்தை அழுத்தினால் கெஸ்ட் என்று வரும், அந்த ஜன்னலை மூடினால் உள்ளே நடந்தது எல்லாம் அதோடு போய்விடும். பக்கத்தில் ஒரு காகிதத்தில் 'வேலை முடிந்ததும் மூடவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், யாரும் வாசிப்பதில்லை, நானே எழுந்து போய் மூடுகிறேன். அந்தத் தம்பியின் அம்மாவிடம் போனில் அரை மணி நேரம் பேசினேன். நம்பினாரா என்று தெரியாது. பாம்பு யாருடைய கனவு என்று கேட்டார்.

சரி, தேடினதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா, பெயரை எடுத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் கம்பனி ஆராய்ச்சிக்காரர்களுக்கு உதவட்டும் என்று சுமார் ஆறரை இலட்சம் பேருடைய மூன்று மாதத் தேடல்களை இணையத்தில் வெளியிட்டது, ஏறக்குறைய இரண்டு கோடித் தேடல்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். சில நாட்களுக்குள் நியூயோர்க் டைம்ஸ் நிருபர்கள் ஒரு நம்பரைப் பிடித்துக்கொண்டு போய் ஜோர்ஜியா மாநிலத்தில் 62 வயதுப் பெண் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். விரல் மரத்துப்போவது பற்றித் தேடியிருந்தார், தன் ஊரில் தோட்டம் திருத்திக் கொடுக்கிறவர்களைத் தேடியிருந்தார், தன் குடும்பப் பெயர் உள்ளவர்களைத் தேடியிருந்தார். ஊரும் குடும்பப் பெயரும் போதுமாயிருந்தது.

அவ்வளவு பெரிய நாட்டில் அப்படி. இங்கே 'மஸ்கெலியா கடைசி பஸ்', 'பி கார்ட் பேர் பிழை', 'நர்சிங் கோர்ஸ் தமிழ் மீடியம்' என்று மூன்று வரியை மட்டும் கொடுங்கள், பஸ் ஸ்டான்டில் வடை விற்கிற அக்கா எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த லயம், மேல் தொங்கலா கீழ் தொங்கலா என்று சொல்லிவிடுவார்.

மறைநிலை (இன்காக்னிடோ) ஜன்னல் பற்றி நிறையப் பேருக்கு ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது. தொப்பியும் கண்ணாடியும் போட்ட அந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்டினேன், "தொர மாதிரி இருக்கான்" என்றார். அந்தத் துரை செய்வது ஒரு வேலைதான்: அந்த ஜன்னலில் பார்த்ததை இந்த போனில் எழுதி வைக்க மாட்டான். நீங்கள் போகிற இணையதளம் உங்களைப் பார்க்கும், உள்ளே ஜிமெயிலில் நுழைந்தால் கூகுளுக்கு நீங்கள் யாரென்று தெரியும், எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது சிக்னல் கொடுக்கிற கம்பனிக்கும் தெரியவரும். இதைத்தான் எதிர்த்து 2020இல் அமெரிக்காவில் கூகுள்மேல் வழக்குப் போட்டார்கள், மறைநிலையில் இருக்கும்போதும் எங்களைப் பற்றிச் சேர்க்கிறீர்களே என்று. 2024இல் சமரசத்துக்கு வந்தது, சேர்த்த பதிவுகளை அழிக்கவும், அந்த ஜன்னலில் வருகிற அறிவித்தலைத் திருத்தி எழுதவும் கூகுள் ஒத்துக்கொண்டது. இப்போது திறந்தால் அந்த அறிவித்தலிலேயே இணையதளங்கள் தரவு சேர்ப்பது மாறாது என்று இருக்கும். நாம் யாரும் வாசிப்பதில்லை, கடையில் நான் ஒட்டின காகிதம் மாதிரி.

கடை வைஃபையில் தேடினால் முதலாளி வாசிப்பாரா என்று ஒரு பிள்ளை வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டது. கூகுளுக்கும் உங்களுக்கும் நடுவில் போகிறது பூட்டின பெட்டி, முகவரியில் பூட்டோ எச்டிடிபிஎஸ் என்ற எழுத்தோ இருந்தால் நீங்கள் தேடின வார்த்தையை நடுவில் இருக்கிறவர் வாசிக்க முடியாது, கூகுளுக்குப் போனீர்கள் என்பது மட்டும் தெரியும். ஆனால் பதிலில் வந்த ஒரு தளத்தை அழுத்தி உள்ளே போனீர்கள் என்றால் அந்தத் தளத்தின் பெயர் தெரியும். சில தளங்களின் பெயரே போதும், கேள்வி தேவையில்லை.

இன்னொரு விஷயம், இது எனக்கே புதுசு. தேடல் பெட்டியில் நாம் எழுதி முடித்து அழுத்தினபிறகுதான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. பிரவுசரின் முகவரிப் பெட்டியில் ஒவ்வொரு எழுத்தும் அடிக்க அடிக்கவே போகும், போகாமல் எப்படி அவர்கள் யோசனை சொல்ல முடியும்? பாதி எழுதி, வேண்டாம் என்று அழித்த கேள்வியும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்ததுதான். குரோமில் கூகுள் சேவைகள் என்ற இடத்தில் 'தேடல் பரிந்துரைகளை மேம்படுத்து' என்பதை அணைத்தால் நிற்கும். பயர்பொக்ஸில் செட்டிங்ஸுக்குள் தேடல் என்ற பக்கத்தில் இருக்கிறது, அங்கே தனிப்பட்ட ஜன்னல்களுக்கு இது ஏற்கெனவே அணைத்துத்தான் வரும். கூகுளின் பக்கத்துக்கே போய் அங்குள்ள பெட்டியில் எழுதினால் இந்த செட்டிங் உதவாது, அது அவர்கள் வீட்டுப் பெட்டி. மெனு பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் இடம் மாறும், கிடைக்கவில்லை என்றால் செட்டிங்ஸின் மேலேயே ஒரு தேடும் பெட்டி இருக்கிறது, அதில் தேடுங்கள்.

தேடுபொறியையே மாற்றிவிடலாமே என்றால், மாற்றலாம், செட்டிங்ஸில் இரண்டு தட்டு. ஆனால் யாரும் மாற்றுவதில்லை, அது கூகுளுக்கும் நன்றாகத் தெரியும். போன்களிலும் பிரவுசர்களிலும் தானாக வருகிற தேடுபொறியாகத் தன்னை வைப்பதற்கு 2021இல் மட்டும் கூகுள் 26.3 பில்லியன் டொலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தது, 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பும் எழுதினார். நாம் செட்டிங்ஸைத் தொட மாட்டோம் என்பதற்கு அவ்வளவு விலை. நான் ஒரு மாதம் டக்டக்கோ என்ற வேறு தேடுபொறியைப் போட்டுப் பார்த்தேன். தேடினதை ஆள்வாரியாகச் சேர்த்து வைப்பதில்லை என்பது அவர்கள் வாக்கு, ஆங்கிலத்தில் தேடுகிற வேலைகளுக்கு எனக்குக் குறை தெரியவில்லை. தமிழில் தேடும்போதுதான் இடறுகிறது, அதுவும் அம்மா கேட்கிற மாதிரிப் பேச்சுத் தமிழில் கேட்டால் சம்பந்தமில்லாத இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. அதனால் என் பிரவுசரில் அது இருக்கிறது, அம்மாவுக்கு அது வேண்டாம் என்று முடிவு பண்ணினேன்.

அம்மாவுக்கு என்ன செய்தேன் என்றால், பயர்பொக்ஸ் போகஸ் என்ற சின்ன பிரவுசரைத் தனியாகப் போட்டு அதன் படத்தை போனின் முதல் பக்கத்தில் வைத்தேன். தேடுபொறி கூகுள்தான், ஆனால் என் கணக்கில் நுழையாத கூகுள், அதனால் அம்மாவின் கேள்வி என் பெயருக்குக் கீழே போய் உட்காராது. மேலே குப்பைத் தொட்டி மாதிரி ஒரு பட்டன் இருக்கிறது. ஒரு தட்டு, எல்லாம் போய்விடும். செட்டிங்ஸ், கணக்கு, சிங்க் என்று ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. "கேட்டு முடிஞ்சதும் குப்பைய கொட்டிருங்க" என்று மட்டும் சொன்னேன். அம்மாவுக்கு அது உடனே பிடிபட்டது, இப்போது நான் இருக்கும்போதே வாசல் இஸ்தோப்புக்குப் போய் மழைச் சத்தத்தில் ஏதோ கேட்டுவிட்டு, கொட்டிவிட்டு, போனைச் சேலையில் துடைத்துக் கொண்டுவந்து வைக்கிறார். என்ன கேட்டார் என்று எனக்கும் தெரிவதில்லை. கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, மறைக்கமாட்டேன். முன்னால் தெரிந்துகொண்டிருந்தேனே, அது எனக்குப் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்துக்கு அம்மாவிடம் நான் ஒருநாளும் அனுமதி கேட்டதில்லை.

எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது கீபோர்ட் காட்டிக் கொடுத்தது. வட்ஸ்அப்பில் சின்னம்மாவுக்கு 'ஈரமா இருக்கு' என்று எழுத 'ஈ' அடித்தால் மேலே முதல் யோசனையாக 'ஈபிஎஃப்' நிற்கிறது! அம்மாவுக்காக நான்தான் இரண்டு தடவை டைப் பண்ணிக் கொடுத்திருந்தேன், கீபோர்ட் அதைப் படித்து மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறது. கூகுளின் ஜிபோர்ட் கீபோர்ட் என்றால் அதன் செட்டிங்ஸுக்குள் கற்றுக்கொண்ட சொற்களை நீக்கு என்று ஒன்று இருக்கும், அழுத்தினால் ஒரு நம்பரைக் காட்டி அதையே திருப்பி அடிக்கச் சொல்லும். அடித்தேன். இரண்டு நாளைக்கு என் பெயரையே அதற்குத் தெரியவில்லை.

இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கம்பனிகளையும் அலுவலகங்களையும் நினைத்து எழுதினது அது. மாமாவுக்குப் பொருந்தாது.

தீபாவளி அட்வான்ஸ் கொடுத்த கிழமை மாமா திரும்ப வந்தார். டேட்டா இல்லை என்றார், போனைக் கேட்டார், கொடுத்தேன். தேடும் பெட்டியைத் தொட்டார், காலி. எழுதாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் போனைத் திண்ணையில் வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அக்கா, அந்தக் காசு வந்துருச்சா?"

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"எந்தக் காசு?"